மருந்தூட்டும் கை
(டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வும் அது காட்டும் வழியும்)

– இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி, கண்டமங்கலம்

நோய் ஒன்று தீர எத்தனை பேர் வேண்டும்? இக் கேள்வியை நம்மில் யாரிடம் கேட்டாலும், நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர் என்று உடனே விடை வந்துவிடும். மருந்தையும் சேர்த்துக்கொண்டால் மூன்று ஆகும். ஆனால் வள்ளுவப் பெருந்தகை மூன்றோடு நிறுத்தவில்லை. மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில், மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்று எண்ணிக் காட்டுகிறார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றையும் அடுத்து, அருகிலிருந்து மருந்து கொடுப்பவரையும் ஓர் உறுப்பாக வைத்தார். முன் மூன்றும் குறைவின்றி இருந்தும் நான்காவது பிழைபடுமானால், மருந்தே நஞ்சாகிவிடும்.

அந்த நான்காவது உறுப்பைத் தமிழ்நாட்டில் உருவாக்கப் பாடுபட்டவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். வேலூர் மருத்துவமனையை அறியாதவர் நம்மில் இரார். ஆனால் அம் மருத்துவமனைக்கு வித்து விழுந்த இடம் வேலூர் அன்று. நம் மாவட்டத்துத் திண்டிவனமே என்பதைப் பலர் அறியார். நானும் சென்ற ஆண்டு வரை அறியேன். அறிந்த பின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிறப்பும் குடும்பமும்

ஐடா அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். மருத்துவம் அவருக்குக் குடும்பச் சொத்து எனலாம். பாட்டனார் ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து 1819-இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவத் தொண்டு செய்து, பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். தந்தையாரும் மருத்துவர், அவர் பெயரும் ஜான். அண்ணன்மார் ஐவருக்குப் பின் பிறந்த ஒரே பெண் ஐடா.

அவர் சிறுமியாக இருந்தபோது 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் வந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் சொல்வது அதனைத்தான். கஞ்சித் தொட்டிகளைத் தேடி மக்கள் ஊர் ஊராக நடந்த காலம் அது. பசியால் கையைத் தூக்கவும் வலுவற்ற குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைப் பிய்த்து ஊட்டும் வேலையை அச் சிறுமியும் செய்தார். அக் காட்சி அவர் நெஞ்சில் அன்பை மட்டுமன்றி அச்சத்தையும் விதைத்தது. பின்னர்ப் படிப்பிற்காக அமெரிக்கா சென்றவர், இந்த நாட்டிற்கு மீண்டும் வரக்கூடாது, குடும்பத் தொழிலும் தமக்கு வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தார். பெரியோர் வரலாறுகளில் பிறவியிலேயே தொண்டுள்ளம் கொண்டவர் என்று எழுதுவது வழக்கம். இவர் வரலாற்றில் அவ்வாறு எழுத வழியில்லை. இவர் மறுத்துப் பின் வந்தவர். அதனாலேயே இவர் நமக்கு நெருக்கமாகிறார்.

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

1890-இல் தாயார் நோயுற்றார் என்ற செய்தி கேட்டு ஐடா கப்பலேறி வந்தார். பெற்றோர் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்துத் திண்டிவனத்தில் இருந்தனர். தாய்க்குத் துணையாகச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே அவர் எண்ணம். வயது ஏறத்தாழ இருபது. இதனை எழுதும் எனக்கும் வயது இருபதுதான்.

அங்கு இருந்தபோது ஓர் இரவு, பிராமண இளைஞர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிள்ளைப் பேற்று வலியால் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடாவை வந்து பார்க்குமாறு வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையாரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அயல் ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது வழக்கத்திற்கு ஒவ்வாது என்று அவர் திரும்பிவிட்டார். சற்று நேரத்தில் ஓர் இசுலாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே விடை, அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றோர் இந்துக் குடும்பத்தவர் வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார்.

பொழுது விடிந்ததும் சாவுப் பறை கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களுமே இறந்துவிட்டனர் என்று தெரிந்தது.

நண்பர்களே, இங்குச் சற்று நின்று எண்ண வேண்டும். அந்த ஊரில் மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது, நோயாளிகள் இருந்தனர். இல்லாதது என்ன? அப் பெண்களின் அருகில் செல்லத் தகுந்த, பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை. நான்கு உறுப்புகளுள் ஒன்று இல்லாமையால் மூன்று உயிர்கள் ஓர் இரவில் போயின. மதம் வேறு, வீடு வேறு. சாவுக்கு மட்டும் வேறுபாடு இல்லை. அன்று ஐடா தம் முடிவை மாற்றிக்கொண்டார். மருத்துவம் கற்றுத் திரும்பி வருவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

கல்வியும் வருகையும்

1895-இல் பிலடெல்பியா நகரிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். ஊர் திரும்புமுன், பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டப் பொருள் திரட்டினார். வங்கியாளர் ஷெல் என்பார் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். ஆன்னி ஹான்காக் என்னும் தோழியுடன் 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூரை அடைந்தார். தந்தையாருடன் சேர்ந்து சில ஆண்டுகள் தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் தந்தையார் அந்த ஆண்டு மே மாதமே புற்றுநோயால் காலமானார்.

மக்கள் முதலில் வரவில்லை. பெண் ஒருவர், அதிலும் இளையவர், நோய் தீர்ப்பாரா என்று ஐயுற்றனர். வீட்டின் சிற்றறை ஒன்றில் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கினார். சிறிது சிறிதாக நம்பிக்கை பிறந்தது. இரண்டாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 1902-இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அம் மருத்துவமனையின் தொடக்க நாள்களில் பெரிய அறுவை மருத்துவம் செய்தபோது, உடன் நிற்கத் தேர்ந்த செவிலியர் யாரும் இல்லை. வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியான சலோமி என்பவரையே பழக்கி உதவிக்கு வைத்துக்கொண்டார். கல்லூரி காணாத அப் பெண், சொல்லிக் கொடுத்ததை ஒழுங்காகச் செய்யும் கை உடையவராக இருந்தார். வேலூரின் பல்லாயிரம் செவிலியருக்கும் மூத்தவர் என்று சலோமியைச் சொன்னால் அது மிகையாகாது.

செவிலியர் பள்ளியும் மருத்துவப் பள்ளியும்

ஒருவரே எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? அம்மையாரின் பெருமை அவர் தொட்டுக் குணமாக்கியவர்களின் எண்ணிக்கையில் இல்லை. தம்மைப் போன்ற கைகளைப் பெருக்கியதில் இருக்கிறது. 1909-இல் டெலியா ஹௌட்டன் என்னும் அமெரிக்கச் செவிலியரின் துணையுடன் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பிணியாளரின் கழிவைத் தொடும் வேலை இழிவானது, நல்ல குடும்பத்துப் பெண்கள் அதற்குச் செல்லலாகாது என்று கருதப்பட்ட காலம் அது. அந்த எண்ணத்தோடு போராடித்தான் ஒவ்வொரு மாணவியையும் சேர்க்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் அவருக்கு ஒரு பெஜோ மோட்டார் வண்டி கிடைத்தது. மாட்டு வண்டியில் சென்றுவந்த குடியாத்தம் சாலையில் மோட்டார் ஓடிற்று. மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள் சாலையோரத்து மரத்தடிகளில் காத்திருப்பார்கள். அங்கேயே வண்டியை நிறுத்திப் புண்களைக் கட்டி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த மரத்தடிக்குச் செல்வார். சாலையோர மருத்துவம் என்று அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

1918 ஆகஸ்டு 12-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்று ஏளனமாகக் கூறினர் சிலர். வந்த விண்ணப்பங்களோ 151. முதல் அணியில் பதினால்வர் 1922-இல் படிப்பை முடித்து வெளியேறினர். 1928-இல் காந்தியடிகள் வந்து பார்த்துச் சென்றார்.

பின்னர் ஒரு சோதனை வந்தது. 1930-களின் இறுதியில், பட்டயப் படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டத்திற்கு உயர்த்தாவிட்டால் பள்ளி நிலைக்காது என்ற நிலை ஏற்பட்டது. அம்மையாருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்ந்திருக்கும் வயதில் மீண்டும் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பேசிப் பொருள் திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

இடையில் 1946-இல் நடந்ததை நாம் சிறப்பாகக் குறிக்க வேண்டும். செவிலியர்க்கான பி.எஸ்ஸி. பட்ட வகுப்பு அந்த ஆண்டு வேலூரிலும் தில்லியிலும் தொடங்கப்பட்டது; இந்தியாவில் அதுவே முதல். நாம் படிக்கும் பட்டத்தின் பெயரே அதற்கும் பெயர். மருந்து கொடுக்கும் வேலை வெறும் கைப்பழக்கம் அன்று, அறிவியல் என்பதை ஏற்றுக்கொண்ட நாள் அது என்று நான் கருதுகிறேன்.

அம்மையார் பொறுப்புகளிலிருந்து விலகிக் கொடைக்கானலில் வாழ்ந்து, 1960 மே மாதம் தம் 89-ஆம் வயதில் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

எங்கள் வீட்டில் ஓர் இரவு

இனி, இவ் வரலாற்றை நான் எழுத வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவள் நானே முதலாவது. அப்பா கரும்பு வெட்டும் வேலைக்குச் செல்கிறார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. என் தங்கை செவிலியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். எங்கள் ஆயாவுக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. இரண்டிற்கும் மாத்திரை. அட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான் அம்மா கொடுப்பார்.

ஒரு மாதம் வேறு நிறுவனத்தின் மாத்திரைகள் வந்தன. கொதிப்பு மாத்திரைக்கு இருந்த சிவப்பு நிறம் இப்போது சர்க்கரை மாத்திரை அட்டையில் இருந்தது. அதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. பழைய அட்டையிலிருந்து சர்க்கரை மாத்திரை ஒன்று, கொதிப்புக்கென்று நினைத்துப் புதிய அட்டையிலிருந்து மற்றொன்று என, ஒரே மருந்தை இருமடங்காகக் கொடுத்துவிட்டார். அன்று ஆயா சரியாகச் சாப்பிடவும் இல்லை. மாலையில் உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. விடுமுறைக்கு வந்திருந்த தங்கை நிலைமையை உணர்ந்தாள். ஆயாவுக்கு நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. எனவே சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று பின்னர் எனக்கு விளக்கினாள்.

மருத்துவமனையில், என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது அம்மா வாய் திறக்கவில்லை. பயம். தாமே கொன்றுவிட்டோமோ என்ற பயம். சற்று நேரம் கழித்து முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு அட்டைகளையும் எடுத்து நீட்டினார். அதைப் பார்த்த பின்னரே இரவு முழுவதும் ஆயாவை அங்கு வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தார். ஏனெனில் அவ்வகை மாத்திரையின் வேகம் நெடுநேரம் நிற்கும்; ஒரு முறை ஏறிய சர்க்கரை மறுபடியும் இறங்கிவிடும். அம்மா மறைத்திருந்தால் நாங்கள் ஆயாவை அன்றிரவே வீட்டிற்கு அழைத்து வந்திருப்போம். விடியும்போது எங்கள் தெருவிலும் பறை கேட்டிருக்கலாம்.

ஐந்து சரிகள்

அதற்குப் பின் தங்கையின் குறிப்பேட்டை நான் வாங்கிப் படித்தேன். மருந்து கொடுக்குமுன் செவிலியர் ஐந்து சரிகளைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஒரே வரியில் அடங்கிவிடும் இவ் விதி, நடைமுறையில் எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள்.

ஆள்: நீங்கள்தானே முனியம்மாள் என்று கேட்டால், காது கேளாத மூதாட்டி எதற்கும் தலையாட்டிவிடுவார். எனவே உங்கள் பெயர் என்ன என்று கேட்டு அவரையே சொல்ல வைத்து, மருத்துவமனை எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படுக்கை எண்ணை மட்டும் நம்பலாகாது. படுக்கை மாறக் கூடும். எந்த மருந்தாவது முன்பு ஒவ்வாமல் போனதுண்டா என்றும் அப்போதே கேட்டறிய வேண்டும்.

மருந்து: பெயர்ச் சீட்டை மூன்று முறை படிக்க வேண்டும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது, அளந்து எடுக்கும்போது, திரும்ப வைக்கும்போது. நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அமிலப் புட்டியை எடுக்கும்போது நமக்குச் சொல்லித் தருவதும் இதுவே அன்றோ? அங்குப் பிழைத்தால் சோதனை கெடும். இங்குப் பிழைத்தால் உயிர் கெடும். தாம் எடுத்துத் தயாரிக்காத மருந்தைப் பிறர் சொன்னார் என்று கொடுத்தலும் கூடாது.

அளவு: அரை மில்லி கிராம் என்பதைப் புள்ளிக்கு முன் சுழியம் இடாமல் எழுதினால், புள்ளி மங்கியவுடன் அது ஐந்தாகிவிடும், பத்து மடங்கு! இன்சுலினில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நம் நாட்டில் மில்லி லிட்டருக்கு 40 அலகு கொண்டதும் உண்டு, 100 அலகு கொண்டதும் உண்டு. ஒன்றிற்குரிய ஊசிக்குழலால் மற்றொன்றை எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும்.

வழி: விழுங்குவதை விழுங்கவும், தசையில் போடுவதைத் தசையிலும் கொடுக்க வேண்டும். செறிவான பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து நீர்க்கச் செய்யாமல் நேரே இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். நம் ஆய்வுக்கூட அலமாரியில் சாதுவாக இருக்கும் அதே உப்புதான்.

நேரம்: உணவுக்கு முன்னா பின்னா என்பது வெறும் சடங்கு அன்று. எங்கள் ஆயா சாப்பிடாமல் இருந்ததே துன்பத்தைப் பெருக்கிற்று.

இவ் வைந்துடன் ஆறாவதாக ஒன்றையும் சேர்ப்பர். கொடுத்தவுடன் குறித்து வைக்க வேண்டும், கொடுக்குமுன் குறிக்கலாகாது. குறிக்காவிட்டால் அடுத்து வரும் செவிலியர் மீண்டும் கொடுத்துவிடுவார். எல்லாவற்றிற்கும் மேலாக, பிழை நேர்ந்துவிட்டால் அந்த நொடியே சொல்லிவிட வேண்டும். இக் கடைசி விதியை நான் என் அம்மாவின் முந்தானை முடிச்சில் கற்றேன்.

இப் பிழைகள் படிக்காதவர் வீட்டில் மட்டும் நேர்வன என்று எண்ண வேண்டா. உலக நல நிறுவனம் 2017-இல், மருந்துகளால் நேரும் தவிர்க்கத்தக்க கடுந் தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் அறைகூவல் விடுத்தது. பெரிய மருத்துவமனைகளிலும் களைப்பு, அவசரம், புரியாத கையெழுத்து, ஒலி ஒத்த பெயர்கள் ஆகியவற்றால் பிழை நேர்கிறது. மனிதர் பிழை செய்பவர் என்பதை ஒப்புக்கொண்டு வகுத்தவையே இவ் விதிகள்.

நிறைவாக

இவ் வைந்து சரிகளை ஐடா அம்மையார் வகுத்தார் என்று நான் கூறவில்லை. அவை செவிலியர் கல்வி வளர வளர நூல்களில் உருப்பெற்றவை. ஆனால் அவ் விதிகளைக் கற்றுக் கொள்ளும் பெண்களை வீட்டுக்குள்ளிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களுள் அவர் முதன்மையானவர். திண்டிவனத்தில் கதவு தட்டப்பட்ட இரவில் அவரிடம் இரக்கம் இருந்தது, பயிற்சி இல்லை. இரக்கம் மட்டும் உயிரைக் காக்காது என்பதே அந்த இரவின் பாடம். என் அம்மாவிடமும் அன்பு இருந்தது. அட்டையைப் படிக்கும் வழிதான் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு தகர டப்பாக்கள் இருக்கின்றன. தங்கை ஒன்றில் கரும்பும் மற்றொன்றில் இதயமும் வரைந்து ஒட்டியிருக்கிறாள். புதிய அட்டை வந்தால் நான் படித்துச் சொல்லும் வரை அம்மா அதைப் பிரிப்பதில்லை. காலையில் நான் பேருந்துக்கு ஓடும் அவசரத்திலும் வழியை மறித்து நிற்பார். முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது நின்று, மூன்று முறை படித்துவிட்டுத்தான் புறப்படுகிறேன்.

மாணவ நண்பர்களே, நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரைகளை இன்று மாலை ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள். நாம் கற்ற எழுத்துக்கு அதைவிட நல்ல பயன் வேறொன்று உடனடியாக எனக்குத் தோன்றவில்லை.